எந்தத் தோட்டம்?

நுவரெலியா மாவட்டத்தில் 2002ஆம் ஆண்டு நூற்றுக்கு 22.6 பேர் வறுமைக் கோட்டுக்குக் கீழே இருந்தார்கள். 2006/07இல் அது 33.8 ஆனது. 2009/10இல் 7.6. தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் நடத்திய வீட்டு வருமானச் செலவின ஆய்வுகள் தந்த எண்கள் இவை. ஏழெட்டு வருடத்துக்குள் ஒரு மாவட்டத்தில் மூன்றிலொருவர் ஏழையாகி, பிறகு பன்னிரண்டில் ஒருவர்கூட ஏழையில்லை என்ற இடத்துக்கு வந்துவிட்டது. இவ்வளவு பெரிய ஏற்ற இறக்கம் தங்கள் தலைக்கு மேலாக நடந்து முடிந்த சேதி ஹட்டன் பஸ் நிலையத்தில் நிற்கிறவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும் என்பது வேறு கதை.

பேராசிரியர் தன் முதல் வகுப்பிலேயே இந்த மூன்று எண்களையும் பலகையில் எழுதிவிடுவார். பிறகு கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். யாராவது ஒரு பிள்ளை எழுந்து, இடையில் சம்பளம் கூடியது, அதனால் வறுமை குறைந்தது என்று தொடங்கும். இன்னொன்று, 2006 டிசம்பரில் தோட்டங்களில் பெரிய வேலைநிறுத்தம் நடந்ததே, அந்த ஆய்வு ஓடிக்கொண்டிருந்த வருடம்தானே என்று நினைவூட்டும். எல்லாம் நியாயமான பதில்கள். எல்லாவற்றையும் கேட்டு முடித்தபின் அவர் கேட்பது ஒன்றே ஒன்று: "எந்தத் தோட்டத்துல?"

அவர் பெயரை இங்கே எழுத முடியாது. அது அவர் போட்ட நிபந்தனை. "மாதிரியில விழுந்த ஆளோட பேர வெளியில சொல்லக் கூடாது, அது எங்க தொழில் தர்மம்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். டிக்கோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவர், பேராதனையில் படித்தவர், ஆயுள் முழுக்க மாதிரிக் கணக்கெடுப்பும் சிறுபரப்பு மதிப்பீடும் சொல்லிக்கொடுத்துவிட்டு இப்போது ஹட்டனுக்கே திரும்பி வந்திருப்பவர் என்ற அளவுக்கு அனுமதி கிடைத்தது.

மலையக மக்களுக்கு எண்களோடு உள்ள உறவு சுகமானதல்ல. இலங்கையின் முதலாவது குடிசன மதிப்பு 1871இல் நடந்தது. 1911இல்தான் இந்தியத் தமிழர் என்று தனியாகப் பிரித்து எண்ணினார்கள். 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் வந்தபோது அவர்களில் நாடற்றவர்கள் 9 இலட்சத்து 75 ஆயிரம் பேர் என்று கணக்கிட்டார்கள். 5,25,000 இந்தியாவுக்கு, 3,00,000 இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பிறகு பார்த்துக்கொள்ளலாம். 1974இல் அந்த மிச்சத்தையும் ஆளுக்குப் பாதி, 75,000 என்று பிரித்துக்கொண்டார்கள். ஒரு மக்கள் கூட்டத்தை இத்தனை நேர்த்தியான முழு எண்களில் பங்கிட்ட ஒப்பந்தங்கள் உலகில் அதிகம் இருக்காது. அந்த எண்களில் எந்தத் தோட்டத்து எந்த லயம் அடங்கும் என்பது மட்டும் கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை. ஒரே காம்பராவில் அண்ணன் அந்தப் பக்கமும் தம்பி இந்தப் பக்கமும் விழுந்த குடும்பங்கள் உண்டு.

பேராசிரியருக்குப் புள்ளிவிபரவியல் தொடங்கியது புத்தகத்தில் அல்ல, கொழுந்து நிறுக்கும் இடத்தில். பள்ளிக்கூடம் விட்டதும் மலையேறி அம்மாவிடம் போவார். அப்போது கிலோ வரவில்லை, றாத்தல்தான். கூடையைத் தராசில் மாட்டினால் முள் ஓரிடத்தில் நிற்கும். துண்டில் எழுதப்படுவது அதற்குக் குறைவாக இருக்கும். கூடைக்கு இவ்வளவு, இலையில் ஒட்டிய தண்ணிக்கு இவ்வளவு என்று கழிப்பார்கள். மழை நாளில் கழித்தால் சரி. வெயில் காய்ந்த நாளிலும் தண்ணிக் கணக்கு நிற்பதில்லை. அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் தன் முதுகில் எவ்வளவு கனம் இருந்தது என்று தெரியும். அந்த நாளுக்குரிய றாத்தல் சேராவிட்டால் பாதிப் பேர்தான் விழும், அதாவது அரை நாள் சம்பளம்.

இந்தக் காட்சியை அவர் வகுப்பில் பிழைகளின் இரண்டு வகையைச் சொல்லப் பயன்படுத்துவார். தராசின் முள் நடுங்கி ஒருமுறை ஒரு றாத்தல் கூட, ஒருமுறை ஒரு றாத்தல் குறையக் காட்டினால் அது தடுமாற்றம். காலை, பகல், மாலை என்று பல நிறுவைகளைக் கூட்டினால் ஒன்றையொன்று சரிக்கட்டிக்கொள்ளும். ஒவ்வொரு நிறுவையிலும் இரண்டு றாத்தல் வெட்டினால் அது ஒருபக்கச் சாய்வு. நூறு தடவை நிறுத்தாலும் அது போகாது. நிறுக்க நிறுக்கப் பெருகத்தான் செய்யும். அதைக் கண்டுபிடிக்க வேண்டுமென்றால் இரண்டாவது தராசு ஒன்று வேண்டும். தோட்டத்தில் அது இருக்கவில்லை.

வங்காளத்தில் இருந்தது. 1930களின் பிற்பகுதியில் சணல் விளைச்சலை அளக்கப் போன புள்ளிவிபரவியலாளர் மகலனோபிஸ், ஒரே பகுதிக்கு இரண்டு வெவ்வேறு குழுக்களைத் தனித்தனி மாதிரிகளோடு அனுப்பினார். இரண்டு குழுவின் விடைகளும் கிட்டத்தட்ட ஒத்துப்போனால் சரி. பெரிதாக விலகினால் கணக்கெடுத்தவர்களிடம் ஏதோ கோளாறு. பேராதனை நூலகத்தில் இதைப் படித்த அன்று, தான் எந்தத் துறைக்குப் போக வேண்டும் என்பது முடிவாகிவிட்டது என்கிறார். அவரோடு படித்தவர்கள் நிகழ்தகவின் அழகில் மயங்கிக் கிடந்தபோது அவரை இழுத்தது இந்த இரண்டாவது தராசுதான்.

அது 1970களின் முற்பாதி. 1973–74 உணவுத் தட்டுப்பாட்டில் நாடு முழுவதும் மக்கள் கஷ்டப்பட்டார்கள், ஆனால் செத்தது தோட்டங்களில்தான் அதிகம். தேசிய இறப்பு விகிதம் கொஞ்சம் உயர்ந்தது என்று ஓர் அதிகாரி படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பலாம். தோட்டங்களைத் தனியாகப் பிரித்துப் பார்த்தவனுக்கு அந்தப் பக்கத்தைத் திருப்ப முடியாது. நல்லவேளையாகத் தோட்டங்களில் பிறப்பு இறப்புப் பதிவு ஓரளவு ஒழுங்காக இருந்தது. அதனால்தான் பிரித்துப் பார்க்கவே முடிந்தது. சராசரி என்பது யாரையும் வேண்டுமென்று மறைப்பதில்லை. மறைந்துபோகும் அளவுக்குச் சிறிய கூட்டமாக இருப்பதுதான் பிரச்சினை.

படிக்கும் காலத்திலேயே அவர் ஓர் ஆய்வுக்குக் கணக்கெடுப்பாளராகப் போனார். தமிழ் பேசுகிற, லயத்துக்குள் கூச்சமில்லாமல் நுழைகிற ஆள் தேவைப்பட்டது. முதல் வேலை வீடுகளைப் பட்டியல் போடுவது. லயத்தில் வீட்டு இலக்கமும் இல்லை, தெருப் பெயரும் இல்லை. கடிதமே தோட்டத்து ஆபீசுக்குத்தான் வரும். எனவே பணிய லயம், மேல் லயம், கோயில் லயம், அதில் எத்தனையாவது காம்பரா என்று எழுதிக்கொண்டே போக வேண்டும். அடுத்தது குடும்ப அலகு. ஒன்றாகச் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள் ஒரு குடும்ப அலகு என்பது கையேட்டின் வரையறை. உலகெங்கும் ஏறத்தாழ இதேதான்.

ஒரு காம்பராவில் மாமனார், மாமியார், கலியாணமாகாத இரண்டு பெண்கள். முன்னால் ஸ்தோப்பை அடைத்து மகன், மருமகள், கைக்குழந்தை. மருமகள் ஸ்தோப்பு மூலையில் தனி அடுப்புப் போட்டிருக்கிறாள். அப்படியானால் இரண்டு குடும்பம் என்று இவர் எழுதப் போனார். மாமியார் தடுத்தாள்.

"அடுப்பு ரெண்டு தம்பி, அரிசி ஒண்ணு."

அரிசி தோட்டத்திலிருந்து கடனாக வருகிறது. செக்ரோலில், அதாவது தோட்டத்துச் சம்பளப் பதிவேட்டில், மாமனார் பேரில் வாங்கி, அவர் சம்பளத்தில் பிடித்துக்கொள்கிறார்கள். அதை இரண்டு அடுப்புக்கும் பிரித்துப் போடுகிறாள் மாமியார். மருமகளின் சம்பளமோ மகனின் கையில். இது ஒரு குடும்பமா, இரண்டா? ஒன்றென்று எழுதினால் ஏழு பேர், நாலைந்து சம்பளம். தலைக்கு விழும் தொகை சுமார். இரண்டென்று எழுதினால் ஒரு குடும்பம் கடனில் மூழ்கியது, மற்றது அரிசிச் செலவே இல்லாதது. கையேட்டில் இதற்குப் பதில் இல்லை. மேற்பார்வையாளர், "எதையாவது ஒண்ணைப் போடு, ஆனா எல்லா லயத்துலயும் அதையே போடு" என்றாராம். சுருக்கமான, நடைமுறைக்கு உதவுகிற அறிவுரை. ஒரே சீரான பிழையை நாடு முழுக்கப் பரப்பவும் அது போதும் என்பதைப் பேராசிரியர் பிற்பாடு புரிந்துகொண்டார்.

சிறுபரப்பு மதிப்பீடு என்ற துறை ஏன் வேண்டும் என்பதற்கு அம்பகமுவ பிரதேச செயலகப் பிரிவே போதும். ஹட்டன், டிக்கோயா, நோர்வூட், பொகவந்தலாவ, மஸ்கெலியா, கினிகத்தேனை எல்லாம் அதற்குள் இருந்தன. 2012 மதிப்பில் அங்கே 2 இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள். நாட்டின் முந்நூற்று முப்பதுக்குச் சற்று மேலான பிரிவுகளில் ஒன்றுக்குச் சராசரி 60 ஆயிரத்துச் சொச்சம்தான். நுவரெலியா மாவட்டம் முழுவதுக்கும் அப்போது ஐந்தே பிரிவுகள்தான் இருந்தன. மக்கள் கூடிய இடத்தில் பிரிவு குறைந்தால் அரச கந்தோர்களும் குறையும், எண்களும் குறையும். பிரிவுகளைப் பிரியுங்கள் என்ற கோரிக்கை மலையக அரசியலில் எத்தனையோ மேடை கண்டது.

2016 வீட்டு வருமானச் செலவின ஆய்வில் நாடு முழுவதும் 25 ஆயிரத்துச் சொச்சம் வீடுகள், ஒரு தொகுதிக்குப் பத்து வீடு. மாவட்டத்துக்கும், நகரம் கிராமம் தோட்டம் என்ற மூன்று துறைக்கும் அது போதும். ஒரு பிரதேச செயலகப் பிரிவுக்கு இறங்கினால் கையில் மிஞ்சுவது சில தொகுதிகள். கிராம உத்தியோகத்தர் பிரிவுக்கு இறங்கினால் பெரும்பாலானவற்றில் ஒரு வீடுகூட இருக்காது. நாட்டில் அப்படிப்பட்ட பிரிவுகள் 14 ஆயிரத்துக்குக் கிட்ட. இருக்கிற பத்து வீட்டை வைத்துப் பொகவந்தலாவையைப் பற்றி எதையும் சொல்லிவிடலாம், அடுத்த மாதம் வேறு பத்து வீட்டை வைத்து அதற்கு நேரெதிராகவும் சொல்லலாம்.

அமெரிக்காவில் இதே சங்கடம் 1970களில் காசு விஷயமாக வந்தது. மத்திய அரசு தன் வருமானத்தை உள்ளூராட்சிகளுக்குப் பங்கிடத் தனிநபர் வருமானக் கணக்கு தேவைப்பட்டது. ஆயிரம் பேருக்குக் குறைவான ஊர்களில் மாதிரிக் கணக்கு தள்ளாடியது. ஃபே, ஹெரியட் இருவரும் 1979இல் ஒரு வழி காட்டினார்கள். அந்த ஊரின் சொந்தக் கணக்கு ஒன்று. வருமான வரிப் பதிவுகளையும் வீட்டு மதிப்பையும் கொண்டு, அதுபோன்ற ஊர்களிலிருந்து ஊகித்த கணக்கு இன்னொன்று. இரண்டையும் கலந்தார்கள். சொந்தக் கணக்கு உறுதியாக இருந்தால் அதற்கு எடை கூட; தள்ளாடினால் மற்றதற்கு. 1988இல் அயோவாவின் 12 கவுண்டிகளில் மக்காச்சோளம், சோயா விளைந்த பரப்பை 37 நிலத்துண்டுகளின் அளவையும் செய்மதிப் படத்தையும் சேர்த்துக் கணித்தார்கள் பட்டீஸ், ஹார்ட்டர், ஃபுல்லர். இத்துறைக்காரர்கள் இதை அயலிடமிருந்து பலம் கடன் வாங்குவது என்பார்கள்.

இந்தக் கடன் கணக்கையெல்லாம் ஒழுங்குபடுத்தியவர் ஜே. என். கே. ராவ். ஆந்திராவின் எலூருவில் 1937இல் பிறந்தவர். அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஹார்ட்லியிடம் 1961இல் கலாநிதிப் பட்டம் முடித்து, பிறகு கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் நிலைகொண்டார். அவரது பெயர் மாதிரிக் கணக்கெடுப்பின் எல்லா மூலையிலும் ஒட்டியிருக்கும்: ராவ்–ஹார்ட்லி–கொக்ரன் முறை, ராவ்–ஸ்கொட் திருத்தம். பிரசாத்தும் அவரும் 1990இல் எழுதிய கட்டுரை, கடன் வாங்கிச் செய்த மதிப்பீட்டில் பிழை எவ்வளவு இருக்கும் என்பதை அளக்க வழி சொன்னது. பேராசிரியர் அதிகம் மதிப்பது அதைத்தான். கடன் வாங்கச் சொல்லிக்கொடுக்க ஆயிரம் பேர் உண்டு. வட்டி எவ்வளவு என்று எழுதி வைக்கிறவர் அபூர்வம். 2003இல் வந்த ராவின் 'சிறுபரப்பு மதிப்பீடு' நூலின் பிரதி அவரிடம் அட்டை பிய்ந்து, தையல் விட்டு, ஓரமெல்லாம் பென்சில் எழுத்தோடு கிடக்கிறது.

அந்தப் பென்சில் எழுத்துகளில் பெரும்பாலானவை ஒரே சண்டை. யாரிடம் கடன் வாங்குவது?

2005இல் திணைக்களமும் உலக வங்கியும் சேர்ந்து இலங்கைக்கு ஒரு வறுமை வரைபடம் வெளியிட்டன. எல்பர்சும் இரண்டு லான்ஜோக்களும் உருவாக்கிய முறை. 2002 ஆய்வில் ஒரு வீட்டின் செலவும் தெரியும், அதன் கூரை, படிப்பு, தொழிலும் தெரியும். இரண்டுக்கும் உள்ள தொடர்பைக் கற்றுக்கொண்டு, 2001 குடிசன மதிப்பில் உள்ள வீடுகளுக்கெல்லாம் செலவை ஊகிப்பது. பிரதேச செயலகப் பிரிவு மட்டத்தில் வறுமை வரையப்பட்டது. யுத்தத்தால் முழுமையாக எண்ணப்படாத வடக்கு கிழக்கு மட்டும் அதில் இல்லை. வரைபடம் கைக்கு வந்த அன்று பேராசிரியர் மகிழ்ந்தார் என்பதைச் சொல்லியாக வேண்டும். மாவட்டம் என்ற பெரிய சாக்கைக் கிழித்து உள்ளே பார்க்க ஒரு வழி கிடைத்ததே.

சண்டை பிறகு வந்தது. கினிகத்தேனைக் கிராமத்தில் ஒரு வீட்டில் ஒழுங்கான சம்பள வேலை உள்ளவர் இருந்தால் அந்த வீடு சற்று வசதியானது என்று ஊகிக்கலாம். சொந்தக் காணி, மிளகு, கொஞ்சம் தேயிலை வேறு இருக்கும். சில மைல் தள்ளிய லயத்தில் புருஷன், பெண்சாதி இருவருமே செக்ரோலில் பேர் உள்ளவர்கள், ஆனாலும் ஏழைகள். ஒரே கேள்விக்கு ஒரே பதில், பொருள் தலைகீழ். தகரக் கூரை, சீமெந்துத் தரை விஷயமும் அப்படியே: லயம் கம்பனி கட்டியது, அதிலிருந்து குடியிருப்பவரின் வசதியைப் படிக்க முடியாது. பக்கத்தில் இருக்கிறதென்று கிராமத்திடம் பலம் வாங்கினால், தோட்டம் இருப்பதைவிட வசதியாகத் தெரியும். தெனியாயாவிலோ பலாங்கொடையிலோ உள்ள தோட்டம் எத்தனை கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும் அதுதான் உண்மையான அயல். மலையகத்தில் தூரத்தை மைலில் அளக்கக் கூடாது என்பது அவருடைய வாதம்; மாதிரியுருவில் எதை எதோடு சேர்ப்பது என்பதில் அவருக்கும் சக பேராசிரியர்களுக்கும் ஓயாத தர்க்கம்.

வெளியிலும் கேள்விகள் எழுந்தன. பின்னாளில் நோபல் பரிசு பெற்ற அங்கஸ் டீட்டனும் டரோசியும் 2009இல், ஓர் இடத்துக்கேயுரிய விசேஷங்களை மாதிரியுரு கவனிக்காவிட்டால் இத்தகைய வரைபடங்கள் தங்களைத் தாங்களே அளவுக்கு மீறி நம்பிக்கொள்ளும் என்று எச்சரித்தார்கள். எண் பிழையாக இருப்பதைவிட, பிழை சிறியது என்று எண்ணிக்கொள்வது ஆபத்து.

கந்தோரில் இதையெல்லாம் விளக்குவது லேசான காரியமல்ல. ஊட்டச்சத்துத் திட்டத்துக்கு ஆக ஏழையான ஐந்து கிராம உத்தியோகத்தர் பிரிவுகளைச் சொல்லுங்கள் என்று ஓர் அதிகாரி வந்தார். பேராசிரியர் பட்டியல் கொடுத்தார், ஒவ்வொரு எண்ணுக்கும் கீழ் எல்லை, மேல் எல்லையோடு. முதலாவதும் பன்னிரண்டாவதும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து கிடந்தன. அதிகாரி தலையைச் சொறிந்தார். "சேர், கூட்டத்துக்கு ஒரு நம்பரத்தான் கொண்டுபோக ஏலும். ரெண்டு நம்பர் கொண்டுபோனா கணக்குப் பிழைன்னு சொல்லுவாங்க." இவர், "ஒரு நம்பர் கொண்டுபோனாத்தான் பிழை" என்றார். அதிகாரி ஒரு நம்பரைத்தான் கொண்டுபோனார்.

2016இல் தோட்டத்துறையின் வறுமை 8.8 என்று வந்தது. 2019இல் 33.8, நாட்டுக்கு 14.3. இடையில் தோட்டங்களில் பிரளயம் ஏதும் நடக்கவில்லை. 2002ஐ அடிப்படையாகக் கொண்ட வறுமைக் கோட்டை 2012/13 அடிப்படைக்கு மாற்றி எழுதினார்கள், கோடு உயர்ந்தது. இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடக் கூடாது. ஆனாலும் ஒன்று துலங்குகிறது: பழைய கோட்டுக்குச் சற்று மேலே, அதை ஒட்டிக்கொண்டு ஏகப்பட்ட தோட்டக் குடும்பங்கள் நின்றிருந்தன. கோட்டை ஒரு சாண் உயர்த்தியதும் அத்தனை பேரும் கீழே போய்விட்டார்கள். 33.8இலிருந்து 7.6க்கு மாவட்டம் இறங்கிய அந்தப் பழைய அதிசயத்துக்கும் இதுவே பாதி விளக்கம் என்பது அவர் கணிப்பு. கோட்டின் ஓரத்தில் கூட்டம் நெருக்கியிருக்கும்போது சின்னச் சம்பள உயர்வும் பெரிய சரிவாகத் தெரியும். மீதிப் பாதி மாதிரியின் தடுமாற்றமாக இருக்கலாம். பிரித்துச் சொல்லத் தன்னிடம் தரவு இல்லை என்று வகுப்பிலும் சொல்வார்.

இப்போது அவரிடம் அடிக்கடி வருகிற ஆய்வு மாணவி ஒருத்தியின் தலைப்பு இன்னும் சிக்கலானது. 20 ஏக்கருக்குக் குறையாத பரப்பும், பத்துக்குக் குறையாத குடியிருக்கும் தொழிலாளரும் உள்ள பெருந்தோட்டமே திணைக்களத்தின் கணக்கில் தோட்டம். லயம் அப்படியே இருக்கிறது, ஆனால் உள்ளே இருப்பவர்களில் பலர் இன்று கொழுந்து பறிப்பதில்லை. பையன் கொழும்பில் கடையில், பெண் ஆடைத் தொழிற்சாலையில், தகப்பன் மரக்கறித் தோட்டத்தில் கைக்காசுக்கு. காடேறிப்போன துண்டுகளும் உண்டு. இப்படிப்பட்ட இடமொன்று வரையறையிலிருந்து நழுவிக் கிராமமாகிவிட்டால், யார் வீட்டுச் சோற்றுப் பானையிலும் ஒரு மாற்றமில்லாமல் தோட்டத்துறையின் வறுமை ஏறும் அல்லது இறங்கும். கிராமத்தின் எண்ணும் கூடவே நகரும். 2024 டிசம்பரை மையமாக வைத்து எடுத்த குடிசன மதிப்பின் விவரங்களை அடுத்த வறுமை வரைபடத்துக்குப் பயன்படுத்தப் போகிறவர்கள் இதை எப்படிக் கையாள்வார்கள் என்பது அவளுடைய கேள்வி.

அவள் மாதிரியுருவைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பேராசிரியர் அதை ஓரமாக வைத்துவிட்டு, முதலில் நோர்வூட் பக்கம் போய் லயங்களை எண்ணி வரச் சொன்னார். பட்டியலில் இரண்டு பத்திகள் மட்டும் புதிதாகச் சேர்த்துக் கொடுத்திருக்கிறார்: காம்பராவில் எத்தனை பேர் செக்ரோலில், எத்தனை பேர் வெளியில்.